கம்மியில ஆரம்பிக்கணும்!

வீட்டில் தோல் ஷூ இருந்தால் ஒரு நிமிடம் கையில் எடுத்து, தையல் ஓடுகிற இடங்களைப் பாருங்கள். விரல்களை மூடுகிற முன்துண்டு, பக்கவாட்டில் இரண்டு துண்டுகள், நடுவில் நாக்கு, குதிகாலைத் தாங்கும் பட்டை, உள்ளே லைனிங்... ஒரு சாதாரண ஷூவின் மேல்பாகத்திலேயே 8, 10 துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தோலைப் பார்த்து, இடம் பார்த்து, தனியாக வெட்டியிருக்கிறார். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் பார்ப்பது அந்த வேலைதான்.

'கட்டிங்' என்று சொன்னால் பலரும் கத்தரிக்கோலை நினைத்துக்கொள்வார்கள். அது அப்படி இல்லை. பூரி எல்லாம் ஒரே வட்டமாக வரவேண்டும் என்று டப்பா மூடியை வைத்து மாவை அழுத்தி எடுப்போமே, அந்த வேலைதான் இது. டப்பா மூடிக்குப் பதில் 'டை'. எஃகுப் பட்டையை ஷூ துண்டின் வடிவத்துக்கு வளைத்து, விளிம்பைக் கூராக்கியிருப்பார்கள். பூரிப் பலகைக்குப் பதில் கெட்டியான நைலான் போர்டு. அழுத்துவதற்கு நம் கைக்குப் பதில் பிரஸ். போர்டு மேல் தோல், தோல் மேல் டை, அதற்கு மேல் பிரஸ்ஸின் இரும்புக் கை வந்து ஒரு அழுத்து. 'டக்' என்று ஒரு சத்தம். துண்டு தயார்.

அந்த ஒரு 'டக்'கில் எவ்வளவு அழுத்தம் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்க ரொம்பச் சின்ன விஷயமாக இருக்கும். ஒரு பெண்ணின் வேலையே அதில் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

முதலில் சைஸ் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களில் 37, 38, 39 என்று நம்பர் போட்டிருக்கும். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்தில் வித்தியாசம், ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 7 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இதை 'பாரிஸ் பாயின்ட்' என்பார்கள். இங்கிலாந்து நம்பர் என்றால் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8 மில்லிமீட்டர் சொச்சம்.

இது முழு ஷூவின் நீளத்துக்கு. துண்டு துண்டாகப் பிரித்தால், ஒரு சின்னத் துண்டின் பங்குக்கு வருவது 1 மில்லிமீட்டரோ, 2 மில்லிமீட்டரோதான். ஆகவே வெட்டுவதில் 1 மில்லிமீட்டர் தப்பினால், அந்தத் துண்டு பக்கத்து சைஸுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

அதனால் ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனி டை. லேடீஸ் ஷூ 36 முதல் 41 வரை என்றால் 6 சைஸ். ஷூவுக்கு 8 துண்டு என்றால் 48 டைகள். பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். மாறிப்போகாமல் இருக்க, டையின் விளிம்பில் குட்டிக் குட்டியாக முக்கோண வெட்டுகள் வைத்திருப்பார்கள். அது வெட்டிய தோலிலும் பதியும். அதை எண்ணிப் பார்த்தே இது எந்த சைஸ் என்று தையல் செக்ஷனில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

இன்னொரு விஷயம். பல டைகளுக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் கூர் இருக்கும். ஒரு பக்கமாக வைத்து வெட்டினால் இடது கால். அப்படியே திருப்பிப் போட்டு வெட்டினால் வலது கால். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதை இங்கேதான் வருகிறது.

எல்லாம் இடது கால்!

ஷூ கம்பெனிக்கு நான் வந்து 24 வருடமாகிறது. முதல் 9 வருடம் தையலில் இருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் உள்ள பெண்களில் பலர் கம்பெனி பஸ் ஏறி வந்து பார்க்கிற வேலை அதுதான்.

அப்போது பேர்ணாம்பட்டு பக்கத்து கிராமத்திலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் கை சுத்தம். தையல் நேராகப் போகும். திடீரென்று ஒரு நாள் அவள் தைத்த ஷூக்களில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. முன்துண்டையும் பக்கத் துண்டையும் சேர்க்கிற இடத்தில் ஒன்று நீண்டு, ஒன்று குறைந்து, மிச்சம் மடிந்து நின்றது. இரண்டு நாள் பார்த்த சூப்பர்வைசர் மூன்றாம் நாள் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார்: "உனக்கு மெஷின் சரிப்படாது. நாளைக்கு டேபிளுக்குப் போயிடு."

டேபிள் என்றால் பசை தடவுவது, மடிப்பது, நூல் வெட்டுவது. சம்பளமும் குறையும். அவள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, இந்தச் சம்பளத்தை நம்பித்தான் தவணை கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, நான் ஒழுங்காத்தான்க்கா தைக்கிறேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஒதுக்கிப் போட்ட ஷூக்கள் இருந்த கூடையை மேஜையில் கவிழ்த்துப் பார்த்தேன். சுருக்கம் விழுந்தது அத்தனையும் இடது கால். வலது காலில் ஒன்றுகூட இல்லை.

இரண்டையும் தைத்தது ஒரே பெண், ஒரே மெஷின், ஒரே நூல். அவள் கைதான் சரியில்லை என்றால் இரண்டு காலிலும் அல்லவா சுருக்கம் விழவேண்டும்? தைக்காத துண்டுகளில் இடதில் ஒன்று, வலதில் ஒன்று எடுத்து, முதுகோடு முதுகாகச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இடது துண்டு நகக்கண் அளவு பெரிதாக இருந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு கட்டிங் செக்ஷனுக்குப் போனேன். அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். அவருடைய அப்பா, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்திய காலத்தில் டேனரியில் வேலை பார்த்தவர். 1970-களில் பதப்படுத்தாத தோலையும் பாதி பதப்படுத்திய தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஷூ கம்பெனிகள் பெருகின. அப்படி வந்த முதல் தலைமுறை கட்டிங் ஆட்களில் பாயும் ஒருவர்.

துண்டுகளை வாங்கிப் பார்த்த பாய் எதுவும் பேசவில்லை. அந்த சைஸ் டையை எடுத்து மேஜைக் கண்ணாடி மேல் வைத்தார். ஆடாமல் உட்கார்ந்தது. திருப்பி வைத்தார். லேசாக ஆடியது. குனிந்து பார்த்தால், ஒரு மூலையில் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. இடது காலை வெட்டுகிற பக்கம் விளிம்பு மழுங்கி, வெளிப்பக்கமாக விரிந்திருந்தது.

"பெரிய டைக்கு வெச்ச செட்டிங்க கம்மி பண்ணாம, அதே ஜாஸ்தியில இத அடிச்சிருக்காங்கம்மா" என்றார். வலது கால் துண்டுகள் வேறு ஷிப்டில், சரியான செட்டிங்கில் வெட்டப்பட்டவை. அதனால் அவை தப்பித்தன.

பாயே தையல் செக்ஷனுக்கு வந்து, "பொண்ணு மேல தப்பு இல்ல. டை போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு டை வந்தது. துண்டுகளைத் திரும்ப வெட்டினார்கள். அவள் மெஷினிலேயே இருந்தாள். அவளிடம் யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. கம்பெனிகளில் அதெல்லாம் வழக்கம் இல்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு இடத்தில் ஒருவர் திருகைக் குறைக்க மறந்ததற்கு, 200 அடி தள்ளி உட்கார்ந்திருந்த வேறொருத்தி அழுதாள். அது என்ன செட்டிங், நான் கற்றுக்கொள்கிறேன் என்று பாயிடம் கேட்டேன்.

காகிதம் கிழியக் கூடாது

சாப்பாட்டு நேரத்தில் மிச்சமாகும் கால் மணி, அரை மணியில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: "கம்மியில ஆரம்பிக்கணும். பத்தலைன்னா கொஞ்சம் ஏத்து. ஜாஸ்தியில ஆரம்பிச்சா, எது போதும்னு உனக்குத் தெரியவே தெரியாது."

முறை இதுதான். முதலில் டையை நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்க்கவேண்டும், எங்காவது மழுங்கியிருக்கிறதா என்று. கண்ணாடி மேல் வைத்து ஆட்டம் பார்க்கவேண்டும். அடுத்து போர்டு. அதில் பள்ளம் இருந்தால் திருப்பிப் போடவேண்டும். பிறகு டையைப் போர்டில் வைத்து, பிரஸ்ஸின் கையை அதன் மேல் கொண்டுவந்து உயரம் பார்க்கவேண்டும். கை சுழலும்போது டையில் இடிக்கக் கூடாது, ரொம்ப மேலேயும் நிற்கக் கூடாது. டைகளில் 19 மில்லிமீட்டர் உயரமும் உண்டு, 32 மில்லிமீட்டர் உயரமும் உண்டு. டை மாறினால் உயரத்தையும் மாற்றவேண்டும்.

அதற்கப்புறம்தான் அழுத்தம். திருகை ரொம்பக் குறைவில் வைத்து, கழிவுத் தோல் ஒன்றில் ஒரு முறை அடிக்கவேண்டும். வெறும் கோடுதான் விழும். கொஞ்சம் ஏற்றி இன்னொரு முறை. பாதி வெட்டும். இன்னும் கொஞ்சம். துண்டு தனியாக வந்துவிடும், அங்கங்கே ஒரு நார் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரே ஒரு பொட்டு. நார் விட்டுவிடும். அங்கே நிறுத்திவிடவேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தோலுக்கு அடியில் ஒரு காகிதம் வைத்து அடிக்கச் சொல்வார். தோல் முழுசாக வெட்டுப்பட்டு, காகிதத்தில் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் செட்டிங் சரி. காகிதமும் வட்டமாகக் கழன்று வந்தால் ஜாஸ்தி.

ஒரு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் வெட்டாமல் விட்டால்? புதிதாக வருபவர்கள் எல்லோரும் உடனே அழுத்தத்தைத்தான் ஏற்றுவார்கள். பாய் கையைத் தட்டிவிடுவார். "ஒரு பக்கம் வெட்டலைன்னா அது அழுத்தத்தோட குத்தம் இல்ல. போர்டு பள்ளமா பாரு, டை வளைஞ்சிருக்கா பாரு."

பெரிய டைக்கும் சின்ன டைக்கும் ஒரே அழுத்தம் ஏன் ஆகாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. பெரிய டையின் விளிம்பு நீளம். அழுத்தம் அந்த நீளம் முழுவதும் பங்காகும். அதே அழுத்தத்தைச் சின்ன டையில் போட்டால் பங்கு போட ஆள் இல்லை. முழுசும் குட்டி விளிம்பில் இறங்கி, போர்டுக்குள் பாய்ந்துவிடும். போர்டில் குழி விழும். குழி விழுந்த இடத்தில் அடுத்த டை சரியாக வெட்டாது. வெட்டவில்லையே என்று இன்னும் ஏற்றுவார்கள். இன்னும் பெரிய குழி விழும். கடன் மேல் கடன் வாங்குகிற மாதிரிதான் இதுவும்.

தோலுக்கும் திசை உண்டு

அழுத்தத்தைச் சரியாக வைப்பது பாதி வேலை. டையைத் தோலில் எங்கே வைப்பது என்பது மீதிப் பாதி. மாட்டின் முதுகுப் பக்கத் தோல் கெட்டி. வயிற்றுப் பக்கம் தொளதொள. கண்ணில் படுகிற முன்துண்டை முதுகிலிருந்துதான் எடுக்கவேண்டும். வயிற்றுப் பக்கத்தில் நாக்கு மாதிரித் துண்டுகளை எடுக்கலாம். தலையிலிருந்து வால் வரையான திசையில் தோல் அதிகம் இழுபடாது. ஷூவின் நீளம் அந்தத் திசையில் வரவேண்டும். மாற்றி வெட்டினால், கடையில் அழகாக இருக்கும் ஷூ நாலு மாதத்தில் நீண்டுவிடும்.

இதோடு அந்த மாடு வாழ்ந்த வாழ்க்கையும் தோலில் இருக்கும். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்தி. எல்லாவற்றையும் தவிர்த்து, துண்டும் வீணாகாமல், ஜோடியின் இரண்டு துண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் வருகிற மாதிரி டையை வைக்கவேண்டும். அதனால்தான் தோலை அடுக்கி வைத்து மொத்தமாக வெட்டுவது கிடையாது. லைனிங் துணியைப் பல அடுக்காக வெட்டலாம். தோலை ஒவ்வொன்றாகத்தான் வெட்டவேண்டும்.

ஒரு ஷூவுக்கு ஆகிற செலவில் பெரும் பங்கு தோலுக்குத்தான். கம்பெனிக்கு அது ரூபாய்க் கணக்கு. எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு சதுர அடித் தோலுக்குப் பின்னாலும் உப்பும் குரோமியமும் தண்ணீரும் இருக்கிறது. டேனரிக் கழிவால் பாலாற்றுப் பக்கத்து நிலமும் கிணறும் என்ன ஆயின என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும்' என்று தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்க இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஒரு துண்டை வீணாக்கும்போது, அதற்காகக் கெட்ட தண்ணீரும் வீணாகத்தான் கெட்டது என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு கை, இரண்டு பொத்தான்

லைனிங் கட்டிங்கில் ஓர் இடம் காலியானபோது நான் கேட்டேன். "பொம்பளைங்களுக்கு பிரஸ் ஆகாது, பெரிய மெஷின்" என்றார்கள். பாய்தான் சொன்னார், "அழுத்தறது மெஷின். நாம பாக்கறது கண்ணால. அதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?" லைனிங்கில் மூன்று வருடம் இருந்தேன். பிறகு தோலுக்கு மாற்றினார்கள்.

பிரஸ் பெரியது என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. 20 டன் அழுத்தம் இறங்கும். அதனால்தான் இரண்டு பொத்தான்கள். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால், டைக்கு அடியில் விரல் இருக்க முடியாது இல்லையா? அவ்வளவு எளிமையான பாதுகாப்பு.

டார்கெட் ஏறும்போது அந்த எளிமைதான் முதலில் போகும். ஒரு கையால் துண்டை எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் அடித்தால், மணிக்குக் கொஞ்சம் அதிகம் வெட்டலாம். ஒரு தடவை பக்கத்து மெஷினில் இருந்த பையன், ஒரு பொத்தானில் தோல் துண்டைச் செருகி, டேப் சுற்றி வைத்திருந்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த டேப்பைப் பிரித்தேன். அவனுக்குக் கோபம். "அக்கா, டார்கெட் வரலைன்னா நீங்களா பதில் சொல்வீங்க?" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவனையும் கூட்டிக்கொண்டு மேலே போய் அதே கேள்வியைக் கேட்டோம். அந்த வாரம் எங்கள் லைனில் டார்கெட்டைக் குறைத்தார்கள். எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பொத்தானைக் கட்டிப் போட்டு எடுத்துக் காட்டுகிற எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த மாத டார்கெட்டைப் போடுவார்கள். இதை அவனுக்குச் சொன்னேன், புரிந்துகொண்டான்.

இப்போது டையே இல்லாமல் வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின்கள் வந்துவிட்டன. தோலை விரித்து, துண்டுகளின் படத்தைத் தோல் மேல் வெளிச்சமாகக் காட்டி, சின்னக் கத்தி ஒன்று தானாக ஓடி வெட்டிவிடும். 48 டைகள் வேண்டாம், செட்டிங் வேண்டாம். நல்லதுதான், விரல்களுக்கு ஆபத்தும் குறையும். ஆனாலும் உண்ணிக் கடி எங்கே, தொளதொளப்பு எங்கே என்று தடவிப் பார்க்க இன்னும் ஒரு கை தேவைப்படுகிறது. பழைய பிரஸ்களும் பல கம்பெனிகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

பாய் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. புதிதாக வரும் பெண்களுக்கு இப்போது நான்தான் காகிதம் வைத்துக் காட்டுகிறேன். மெஷினில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருக்கிறேன். எந்த டைக்கு எந்த எண்ணில் திருகு நிற்கவேண்டும், எந்தத் தேதியில் போர்டைத் திருப்பினோம் என்று அதில் எழுதிவிடவேண்டும். ஷிப்ட் முடிந்ததும் திருகைக் கடைசிவரை குறைத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். எனக்கு அடுத்து அங்கே யார் நிற்கப்போகிறார், எந்த டையை வைக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் கம்மியில் ஆரம்பிக்கட்டும்.